பிஎம்எஸ்ஜி ஊசி மருந்தின் வீரியத்தைச் சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆடு மாடுகளைச் சினைப்பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் பிஎம்எஸ்ஜி (சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஹார்மோன்) குப்பியின் லேபிளில் மில்லிகிராம் கணக்கு இருக்காது. 1000 ஐயூ, 5000 ஐயூ என்றுதான் போட்டிருக்கும். ஐயூ என்றால் சர்வதேச அலகு. உள்ளே எவ்வளவு பொருள் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. அந்தப் பொருள் உயிருள்ள ஒரு விலங்கின் சினைப்பையில் எவ்வளவு வேலை செய்யும் என்பதுதான் அந்த எண். அந்த வேலையை அளக்க இன்றைக்கும் எலிதான் தேவைப்படுகிறது.

கால்நடை மருத்துவம் படிக்கும் முதுநிலை மாணவர்களையும், மருந்துத் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பண்ணை வைத்திருப்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். இடையில் வரும் கணக்கு உங்களுக்குத் தேவையில்லை.

எந்த ஹார்மோனுக்கு எந்தச் சோதனை

இனப்பெருக்கத்துக்குப் பயன்படும் ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் எலி தேவையில்லை. குளோப்ரோஸ்டினால் போன்ற புரோஸ்டாகிளாண்டின்கள், பியூசரலின் போன்ற, பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டும் ஜிஎன்ஆர்ஹெச் வகை மருந்துகள், புரோஜெஸ்டிரோன் ஆகியவை அளவான, தெளிவான வேதிப் பொருட்கள். அவற்றை ஹெச்பிஎல்சி என்ற, வேதிப் பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவியில் அளந்தால் போதும். குளோப்ரோஸ்டினாலில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற அதன் இரண்டு வடிவங்களில் வேலை செய்வது டி வடிவம்தான். கலப்பாக விற்கும் மருந்தில் மாட்டுக்கு ஒரு தடவைக்கு 500 மைக்ரோகிராம் போடும் இடத்தில், டி வடிவம் மட்டும் உள்ள மருந்தில் 150 மைக்ரோகிராம் போதும். லேபிளில் எது என்று பார்க்காமல் இரண்டையும் ஒப்பிட்டுவிடாதீர்கள். இன்னொன்று: புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தக் குப்பியைத் தொடவே கூடாது.

சிக்கல் சர்க்கரை ஒட்டிய புரத ஹார்மோன்களில்தான். பிஎம்எஸ்ஜி, எஃப்எஸ்ஹெச் (சினைப்பையில் முட்டைப் பைகளை வளர்க்கும் ஹார்மோன்), ஹெச்சிஜி (மனிதக் கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்) மூன்றும் அந்தக் கூட்டம். இதில் பிஎம்எஸ்ஜியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். (ஆய்வுக் கட்டுரைகளில் இப்போது ஈசிஜி என்று எழுதுகிறார்கள். இதயத்துக்கு எடுக்கும் ஈசிஜியோடு குழம்பும் என்பதால் இங்கே பழைய பெயரே இருக்கட்டும்.)

சினைக் குதிரையின் ரத்தத்தில் இப்படி ஒரு பொருள் இருப்பதை 1930-ல் கலிஃபோர்னியாவில் கோல், ஹார்ட் என்ற இருவர் காட்டினார்கள். சினையான சுமார் 40-வது நாளிலிருந்து 120-வது நாள் வரை அது ரத்தத்தில் நிறைய இருக்கும். கருவிலிருந்து வந்து தாயின் கருப்பைச் சுவரில் புதைந்துகொள்ளும் செல்கள் அதைச் சுரக்கின்றன. குதிரையில் அது எல்ஹெச் (முட்டையை வெளியேறச் செய்யும் ஹார்மோன்) போல மட்டும் வேலை செய்யும். ஆடு, மாடு, பன்றி, எலி இவற்றின் உடம்பில் எஃப்எஸ்ஹெச் வேலை, எல்ஹெச் வேலை இரண்டையும் செய்யும். இந்த இரண்டின் விகிதம் குதிரைக்குக் குதிரை மாறும். வயிற்றில் இருப்பது கழுதைக்குப் பிறந்த கோவேறு குட்டி என்றால் ஹார்மோனின் அளவே வெகுவாகக் குறைந்துவிடும். இப்படிப் பல குதிரைகளின் ரத்தத்தைச் சேர்த்துச் சுத்திகரித்துச் செய்யும் மருந்து பேட்சுக்குப் பேட்ச் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. அதனால்தான் ஒவ்வொரு பேட்சையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

எலிசா போதாதா?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எலிசா என்பது ஆன்டிபாடியை வைத்து ஒரு பொருளின் அளவைத் தட்டில் பார்க்கும் சோதனை. அதில் அரை நாளில் வேலை முடிந்துவிடும், எலியைக் கொல்லவும் வேண்டாம். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் பெண் குதிரை சினையா என்று கண்டுபிடிக்க இந்த ஹார்மோனை எலிசாவில்தான் பார்க்கிறது. அங்கே கேள்வி ‘இருக்கிறதா, இல்லையா’ என்பது. அதற்கு எலிசா நல்ல பதில் தரும்.

வீரியம் என்பது வேறு கேள்வி. பிஎம்எஸ்ஜி மூலக்கூறின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு சர்க்கரைதான். அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளின் முனையில் சியாலிக் அமிலம் இருக்கிறது. அது இருக்கும்வரை ஹார்மோன் ரத்தத்தில் நாட்கணக்கில் சுற்றும். ஒரே ஊசியில் வேலை முடிவதற்குக் காரணம் அதுதான். பன்றியின் பிட்யூட்டரியிலிருந்து (மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி) எடுக்கும் எஃப்எஸ்ஹெச்சுக்கு இந்த ஆயுள் கிடையாது. அதனால்தான் அதை நான்கு நாள் காலை மாலை போடுகிறோம்.

சுத்திகரிப்பிலோ சேமிப்பிலோ சியாலிக் அமிலம் உதிர்ந்துவிட்டால், மிச்சமுள்ள மூலக்கூறைக் கல்லீரல் அடையாளம் கண்டு சீக்கிரமே பிடித்து வெளியேற்றிவிடும். ஆனால் எலிசாவின் ஆன்டிபாடிக்கு இதெல்லாம் தெரியாது. புரதப் பகுதி அப்படியே இருப்பதால் ‘ஹார்மோன் இருக்கிறது’ என்று எண்ணிவிடும். தட்டில் 1000 ஐயூ காட்டும் குப்பி, ஆட்டில் பாதி வேலைகூடச் செய்யாமல் போகலாம். எலிசா அறிக்கையை மட்டும் காட்டி ‘வீரியம் சரிபார்க்கப்பட்டது’ என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அளவுக்கு அது சாட்சி. வேலைக்குச் சாட்சி வேண்டுமென்றால் உயிருள்ள உடம்புக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. இந்தியாவில் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஒரு எலியைக்கூடத் தொடக் கூடாது. அந்தக் குழுக்களை மேற்பார்வை செய்யும் மத்தியக் குழு முன்பு சிபிசிஎஸ்இஏ என்று அழைக்கப்பட்டது, இப்போது சிசிஎஸ்இஏ. ஏன் இத்தனை எலி, ஏன் வேறு வழியில்லை என்று விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும். கீழே வரும் கணக்கைப் புரிந்துகொண்டால் அந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுதுவது சுலபம்.

அடுத்தது ஸ்டாண்டர்டு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க உதவும், வீரியம் ஏற்கெனவே தெரிந்த மருந்து. சர்வதேச ஸ்டாண்டர்டை உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. பிரிட்டனின் என்ஐபிஎஸ்சி ஆய்வகம் அதைப் பாதுகாத்து வழங்குகிறது. அது விலை கூடியது, அளவும் கொஞ்சம். அதனால் ஆய்வகங்கள் தங்கள் சொந்த ஸ்டாண்டர்டு ஒன்றைச் சர்வதேச ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டு அளந்து, சிறு குப்பிகளாகப் பிரித்து உறைநிலையில் வைத்துக்கொண்டு தினப்படி வேலைக்கு அதையே பயன்படுத்துவார்கள். ஸ்டாண்டர்டு இல்லாமல் ‘எலியின் சினைப்பை இவ்வளவு பெருத்தது, ஆகவே இத்தனை ஐயூ’ என்று சொல்லவே முடியாது. எலி இனம், தீவனம், பருவம், ஊசி போடுபவரின் கை எல்லாமே எடையை மாற்றும். அதே நாளில், அதே அறையில், அதே எலிக் கூட்டத்தில் ஸ்டாண்டர்டும் மாதிரியும் (நாம் சோதிக்கும் மருந்து) பக்கத்தில் பக்கத்தில் ஓடினால்தான் இந்த மாற்றங்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்து கழிந்துபோகும்.

கரைக்கும் திரவம் வெறும் உப்புநீராக இருக்கக் கூடாது. நீர்த்த புரதம் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். ஊசிக்குள் வரும் அளவு குறைந்துவிடும். அதனால் ஆல்புமின் சேர்த்த, பிஹெச் 7.2 பாஸ்பேட் பஃபர் உப்புநீரைப் பயன்படுத்துங்கள். சோதனை முடியும்வரை கரைசல்கள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும்.

நடைமுறையின் எலும்புக்கூட்டை ஐரோப்பிய மருந்தியல் தொகுப்பு தருகிறது. கீழே நான் சொல்லும் வரம்புகள் அதிலிருந்து வருபவை. வேலை தொடங்கும் நாளன்று நடப்புப் பதிப்பைத் திறந்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எலிகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே இனத்து, 21 முதல் 28 நாள் வயதுள்ள பெண் எலிகள். எல்லாவற்றிலும் பெரியதற்கும் சின்னதற்கும் 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வயதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், அந்த வயதில் எலியின் சொந்தப் பிட்யூட்டரி இன்னும் முழுதாக விழிக்கவில்லை. சினைப்பை மிகச் சிறியது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடனே பெருக்கும். இரண்டு வாரம் தாமதித்தால் எலி தானாகவே பருவத்துக்கு வரத் தொடங்கும். அப்புறம் நீங்கள் அளப்பது உங்கள் மருந்தையா, எலியின் சொந்த ஹார்மோனையா என்று பிரிக்க முடியாது.

ஆறு குழுக்கள் வேண்டும்: ஸ்டாண்டர்டுக்கு மூன்று, மாதிரிக்கு மூன்று. குழுவுக்குக் குறைந்தது 5 எலி. நான் 8 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன், ஆக 48 எலி. ஒரே ஈற்றில் பிறந்த ஆறு பெண் குட்டிகள் கிடைத்தால் குழுவுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். ஈற்றுக்கு ஈற்று உள்ள வித்தியாசத்தைப் பின்னால் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். அதற்கு எந்தக் குட்டி எந்த ஈற்றில் பிறந்தது என்று அடையாளம் போட்டிருக்க வேண்டும். மற்றபடி குலுக்கல் முறைதான். கூண்டுக்குள் கைவிட்டு முதலில் பிடிபட்ட எட்டை ஒரு குழுவில் போடுவது குலுக்கல் ஆகாது; முதலில் பிடிபடுவது மந்தமான எலியாகத்தான் இருக்கும்.

டோஸ் தயாரித்தல்

டோஸ்கள் ஒரே விகிதத்தில் ஏற வேண்டும். ஒரு எலிக்கு மொத்தமாக 8, 12, 18 ஐயூ என்று தொடங்குவது வழக்கம்; ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல ஒன்றரை மடங்கு. உங்கள் எலி இனத்துக்கு இது பொருந்துகிறதா என்று சிறிய முன்சோதனையில் பார்த்துவிடுங்கள். டோஸ் மிகவும் உயர்ந்தால் சினைப்பை ரத்தம் கட்டிப் பெருத்து, இனி ஏற இடமில்லாமல் நின்றுவிடும். அந்தத் தட்டையான பகுதியில் வீரியத்தை அளக்க முடியாது.

மாதிரியின் வீரியம் இன்னும் தெரியாதே, 8 ஐயூ எப்படி எடுப்பது? லேபிளில் உள்ளதை உண்மை என்று தற்காலிகமாக வைத்துக்கொண்டு எடுங்கள். அது எவ்வளவு உண்மை என்பதைக் கடைசியில் கணக்கு சொல்லும்.

மொத்த டோஸை ஆறு ஊசிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 0.2 மி.லி. வரும்படி செய்கிறோம். ஆக ஒரு எலிக்கு 1.2 மி.லி. எட்டு எலிக்கு 9.6 மி.லி. குப்பியிலும் சிரிஞ்சிலும் கொஞ்சம் வீணாகும் என்பதால் குழுவுக்கு 12 மி.லி. தயாரிக்கலாம். 1000 ஐயூ குப்பியை 10 மி.லி. பஃபரில் கரைத்தால் மி.லி.க்கு 100 ஐயூ. அதிலிருந்து:

உயர்ந்த டோஸ் (18 ஐயூ): 1.8 மி.லி. எடுத்து 10.2 மி.லி. பஃபர்.
நடு டோஸ் (12 ஐயூ): 1.2 மி.லி. எடுத்து 10.8 மி.லி. பஃபர்.
தாழ்ந்த டோஸ் (8 ஐயூ): 0.8 மி.லி. எடுத்து 11.2 மி.லி. பஃபர்.

மூன்றையும் மூலக் கரைசலிலிருந்து தனித்தனியாக எடுங்கள். உயர்ந்ததை நீர்த்து நடுவையும், நடுவை நீர்த்துத் தாழ்ந்ததையும் செய்தால் முதலில் நடந்த பிசகு மூன்றிலும் தொடரும். கோடு அழகாக வரும், விடை தவறாக இருக்கும். ஒரே குப்பியைச் சோதித்து முழு பேட்சுக்கும் தீர்ப்பு எழுதுவதும் சரியில்லை. சில குப்பிகளைக் கரைத்துச் சேர்த்து அதிலிருந்து மாதிரி எடுங்கள்.

ஊசி போடும் நேரம்

தோலுக்கு அடியில் போட வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகு 18, 21, 24, 42, 48 மணி நேரத்தில் அடுத்த ஐந்து ஊசிகள். காலை 9 மணிக்குத் தொடங்கினால் 18 மணி நேரம் என்பது நள்ளிரவு தாண்டி 3 மணி. மதியம் 3 மணிக்குத் தொடங்குங்கள்: மறுநாள் காலை 9, மதியம் 12, மாலை 3, அதற்கு மறுநாள் காலை 9, மாலை 3. ஆள் தூங்கலாம், நேரமும் தவறாது.

ஊசி போட்ட இடத்தை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். இவ்வளவு சின்ன எலியில் 0.2 மி.லி. திரும்பி வழிவது சாதாரணம். வழிந்தால் எலி எண்ணைக் குறித்துவையுங்கள். பின்னால் ஓர் எலியின் சினைப்பை மட்டும் பெருக்காமல் இருந்தால், அதைக் கணக்கிலிருந்து விலக்கலாமா என்ற கேள்விக்கு இந்தக் குறிப்புதான் பதில் சொல்லும். குறிப்பு இல்லாமல், எண் பிடிக்கவில்லை என்பதற்காக எலியை விலக்குவது மோசடி.

சினைப்பையை எடுத்து எடை போடுதல்

சோதனையின் தலையெழுத்து இங்கேதான் இருக்கிறது. கடைசி ஊசிக்குப் பிறகு 40 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும், ஒப்புதல் பெற்ற முறையில் எலிகளுக்கு வலியில்லாமல் உயிர் நீக்கி, இரண்டு சினைப்பைகளையும் எடுக்க வேண்டும்.

எந்த வரிசையில் எடுப்பது என்பது முக்கியம். ஸ்டாண்டர்டு குழுக்களை முதலில் முடித்துவிட்டு மாதிரிக் குழுக்களுக்கு வந்தால், பின்னால் வந்த எலிகளுக்குக் கூடுதலாகச் சில மணி நேரம் கிடைக்கிறது. எடுப்பவரின் கையும் அதற்குள் சோர்ந்திருக்கும். அந்த வித்தியாசம் மருந்தின் வித்தியாசம் போலத் தெரியும். ஆறு குழுவிலிருந்தும் ஒவ்வோர் எலி, பிறகு மறுபடியும் ஒவ்வோர் எலி என்று சுற்றில் எடுங்கள். எடை போடுபவருக்கு எண் மட்டும் தெரிய வேண்டும், குழு தெரியக் கூடாது.

எலியின் சினைப்பையைச் சுற்றி மெல்லிய பை போன்ற உறை உண்டு. ஹார்மோன் போட்ட எலியில் அதற்குள் நீர் கோத்திருக்கும். உறையைக் கிழித்து நீரை விடாமல் எடை போட்டால் நீரையும் சேர்த்து எடை போட்டதாக ஆகும். உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து உறை, கொழுப்பு, சுருண்டிருக்கும் கருக்குழாய் எல்லாவற்றையும் சீவி எடுங்கள். வடிதாளில் லேசாக உருட்டி ஈரத்தை நீக்கி, இரண்டையும் சேர்த்து உடனே எடை போடுங்கள். தராசு 0.1 மில்லிகிராம் வரை காட்ட வேண்டும். வடிதாளில் எவ்வளவு நேரம் உருட்டுவது என்பதில் ஆளுக்கு ஆள் கைப்பழக்கம் மாறும் என்பதால் ஒரு சோதனை முழுவதையும் ஒரே ஆள் எடுப்பது நல்லது. இருவர் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு குழுவிலும் இருவரும் பாதிப் பாதி எடுங்கள். எடுத்ததை மூடாமல் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மின்விசிறிக் காற்றில் ஐந்து நிமிடத்தில் எடை இறங்கிவிடும்.

கணக்கு

டோஸின் லாக் மதிப்பைக் கிடைமட்டத்திலும் சினைப்பை எடையைச் செங்குத்திலும் போட்டால், ஸ்டாண்டர்டுக்கு ஒரு கோடு, மாதிரிக்கு ஒரு கோடு கிடைக்கும். இரண்டிலும் இருப்பது ஒரே ஹார்மோன் என்றால் கோடுகள் இணையாக ஓடும். அவற்றுக்கு இடையே உள்ள கிடைமட்டத் தூரம்தான் வீரிய வித்தியாசம்.

புரிவதற்காக நானே போட்டுக்கொண்ட எண்களை வைத்துச் செய்து பார்ப்போம். குழுவுக்கு 8 எலி, சராசரி எடை மில்லிகிராமில்:

ஸ்டாண்டர்டு: 8 ஐயூ – 60, 12 ஐயூ – 85, 18 ஐயூ – 110
மாதிரி: 8 ஐயூ – 55, 12 ஐயூ – 79, 18 ஐயூ – 106

முதலில் சாய்வு, அதாவது டோஸ் ஒரு படி ஏறினால் எடை எவ்வளவு ஏறுகிறது என்பது. ஸ்டாண்டர்டில் மேல் கீழ் வித்தியாசம் 50, மாதிரியில் 51. இரண்டையும் கூட்டி 4-ஆல் (இரண்டு கோடு, ஒவ்வொன்றிலும் இரண்டு படி) வகுத்தால் 25.25. இது இரண்டுக்கும் பொதுவான சாய்வு.

அடுத்து சராசரி. ஸ்டாண்டர்டின் மூன்று எடைகளின் சராசரி 85, மாதிரியின் சராசரி 80. மாதிரி 5 மில்லிகிராம் பின்தங்கியிருக்கிறது. 5-ஐ 25.25-ஆல் வகுத்தால் 0.198. அதாவது மாதிரி ஒரு படியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பின்தங்கியிருக்கிறது.

ஒரு படி என்பது ஒன்றரை மடங்கு, 1.5-இன் லாக் 0.1761. 0.198 × 0.1761 = 0.0349. பின்தங்கியிருப்பதால் குறைக்குறி போட்டு, –0.0349-க்கு எதிர்லாக் எடுத்தால் 0.923. லேபிளில் 1000 ஐயூ என்றால் நமது மதிப்பீடு 923 ஐயூ.

இங்கேயே நிறுத்திவிட்டால் பாதி வேலைதான். 923 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்? அதற்குக் குழுவுக்குள் எலிக்கு எலி உள்ள சிதறல் தேவை. நமது உதாரணத்தில் திட்ட விலக்கம் 12 மில்லிகிராம் என்று வைத்தால், ஃபீல்லர் என்ற புள்ளியியல் முறையில் 95 சதவீத நம்பக எல்லை (உண்மையான வீரியம் இருக்கக்கூடிய வரம்பு) ஏறத்தாழ 821 முதல் 1033 ஐயூ வரை வரும். கையால் போட்டுப் பழகுங்கள். அதிகாரபூர்வ அறிக்கைக்கு ஐரோப்பிய மருந்தியல் தொகுப்பை வெளியிடும் அமைப்பு தரும் காம்பிஸ்டாட்ஸ் மென்பொருளை வைத்துக்கொள்ளலாம்.

தேறியதா என்று பார்க்க இரண்டு வரம்பு. மதிப்பீடு லேபிளில் சொன்னதில் 80 முதல் 125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம்பக எல்லைகள் 64 முதல் 156 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். நமது மாதிரி 92.3 சதவீதம், எல்லைகள் 82-லிருந்து 103. தேறிவிட்டது.

வரம்பு இவ்வளவு அகலமாக இருப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். வேதியியல் சோதனையில் 2 சதவீதப் பிசகுக்கே விளக்கம் கேட்பார்கள். உயிரியல் சோதனை அப்படித்தான். எலியின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால்தான் எல்லையின் அகலம் பாதியாகும். வரம்பை இறுக்குவதற்கான விலையைக் கொடுப்பது எலிகள் என்பதால் அந்தப் பேரத்தில் நான் அகலமான வரம்பின் பக்கம்.

எண் வந்தது, ஆனால் சோதனை செல்லுமா?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். டோஸ் ஏறும்போது எடை தெளிவாக ஏறுகிறதா? கோடு நேராக இருக்கிறதா? இரண்டு கோடும் இணையா? நமது உதாரணத்தில் ஒரு படிக்கு ஸ்டாண்டர்டு 25, மாதிரி 25.5. இணைதான்.

ஏற்றமே இல்லை என்றால் எலியிலோ ஊசியிலோ கோளாறு. கோடு மேல் முனையில் வளைந்து தட்டையானால் டோஸ் அதிகம். இறக்கி மறுபடி செய்யலாம். இணையாக இல்லை என்பதுதான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது. குப்பிக்குள் இருப்பது ஸ்டாண்டர்டில் இருக்கும் பொருள் மாதிரியே நடந்துகொள்ளவில்லை என்று பொருள். வேறு ஹார்மோன் கலந்திருக்கலாம். எஃப்எஸ்ஹெச்–எல்ஹெச் விகிதம் வெகுவாக மாறியிருக்கலாம். இந்த நிலையில் வீரிய எண்ணுக்கே அர்த்தம் கிடையாது. எந்த டோஸில் ஒப்பிடுகிறோமோ அதற்குத் தகுந்தபடி விடை மாறும். மென்பொருள் ஓர் எண்ணைத் துப்பத்தான் செய்யும். அதை அறிக்கையில் எழுதாதீர்கள்.

கோடுகள் இணையாகவும் நேராகவும் இருந்து, நம்பக எல்லை மட்டும் அகலமாக வந்தால் சோதனையைத் திரும்பச் செய்து, இரண்டு விடைகளையும் அவற்றின் துல்லியத்துக்கேற்ற எடை கொடுத்துச் சேர்க்கலாம். பிடித்த விடையை வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடக் கூடாது.

எஃப்எஸ்ஹெச், ஹெச்சிஜி என்றால்

சட்டகம் இதேதான். எஃப்எஸ்ஹெச்சுக்கு 1953-ல் ஸ்டீல்மன், போஹ்லி என்ற இருவர் கொண்டுவந்த முறை. எல்லா எலிகளுக்கும் எல்லா டோஸிலும் தாராளமாக ஹெச்சிஜியைச் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். எல்ஹெச் பக்கம் அதிலேயே நிரம்பிவிடுவதால், மாதிரியில் கொஞ்சம் எல்ஹெச் கலந்திருந்தாலும் எடையில் தெரியாது. தெரிவது எஃப்எஸ்ஹெச் வித்தியாசம் மட்டும். எளிய, அழகான யோசனை.

கருமாற்றுக்குப் பயன்படும் பன்றி எஃப்எஸ்ஹெச் மருந்துகளில் ஒரு பொறி உண்டு. சிலவற்றின் லேபிளில் ‘400 மி.கி. என்ஐஹெச்-எஃப்எஸ்ஹெச்-பி1’ என்று இருக்கும். உள்ளே 400 மில்லிகிராம் ஹார்மோன் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். பழைய அமெரிக்க ஸ்டாண்டர்டு ஒன்றின் 400 மில்லிகிராம் செய்யும் வேலையை அது செய்யும் என்று பொருள். அதுவும் வீரிய அலகுதான். வேறு நிறுவன மருந்தின் ஐயூவோடு அதை நேராக ஒப்பிட முடியாது.

ஹெச்சிஜிக்குப் பருவமடையாத ஆண் எலிகள். நான்கு நாள் தினம் ஓர் ஊசி போட்டு, விந்துப் பையை எடை போடுகிறோம். ஹார்மோன் விரையைத் தூண்டி, விரை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் விந்துப் பையைப் பெருக்கச் செய்கிறது. மற்றதெல்லாம் அதே கணக்கு.

எலி இல்லாமல் செய்ய முடியுமா

எஃப்எஸ்ஹெச் ஏற்பியைப் பொருத்திய செல்களைத் தட்டில் வளர்த்து, ஹார்மோன் சேர்த்ததும் உள்ளே எவ்வளவு சைக்ளிக் ஏஎம்பி (செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறு) உருவாகிறது என்று பார்க்கும் முறை இருக்கிறது. ஹார்மோன் ஏற்பியைத் தூண்டுகிறதா என்பதை அது சொல்லும். எலிசாவை விட ஒரு படி மேல். ஆனால் தட்டில் கல்லீரல் இல்லை. சியாலிக் அமிலம் உதிர்ந்த மூலக்கூறு செல் சோதனையில் நன்றாகவே வேலை செய்து ஏமாற்றும். அதனால் செல் சோதனையோடு சியாலிக் அமில அளவையும் மின்புலத்தில் பிரித்துப் பார்க்கும் சோதனையையும் சேர்த்தால்தான் எலிக்கு அருகில் வர முடியும். மனிதர்களுக்கான ரீகாம்பினன்ட் (மரபணுவைப் பொருத்திய செல்களில் தயாரிக்கும்) எஃப்எஸ்ஹெச்சில் இந்தப் பாதையில் வெகுதூரம் போயிருக்கிறார்கள். அங்கே மூலப்பொருள் ஒரே சீராக இருப்பதால் அது சாத்தியமாயிற்று. குதிரை ரத்தத்திலிருந்து வரும் பொருளுக்கு அது கடினம்.

எலியைப் பற்றிப் பேசும்போது குதிரையை மறந்துவிடக் கூடாது. ஐஸ்லாந்து, அர்ஜென்டினா, உருகுவே நாடுகளில் இதற்காகச் சினைக் குதிரைகளிடமிருந்து திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பது பற்றிக் கடும் விமர்சனம் இருக்கிறது. செல்களில் உற்பத்தி செய்த ரீகாம்பினன்ட் வடிவம் அர்ஜென்டினாவில் சந்தைக்கு வந்துவிட்டது. அது பரவினால் பேட்சுக்குப் பேட்ச் வித்தியாசம் குறையும். எலியின் தேவையும் குறையலாம்.

பண்ணையில் ஊசி பலிக்கவில்லை என்றால்

புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் ஊறிய ஸ்பாஞ்சைப் பெண்ணுறுப்புக்குள் வைத்து எடுத்து, பிஎம்எஸ்ஜி போட்டும் பாதி ஆடு பருவத்துக்கு வரவில்லை. உடனே ‘மருந்து டூப்ளிகேட்’ என்ற பேச்சு எழும். இருக்கலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

குப்பி உறைபொடியாக 2 முதல் 8 டிகிரியில் இருந்ததா? கடையிலிருந்து பண்ணை வரை எப்படி வந்தது? கரைத்த மருந்தை மீதம் வைத்து அடுத்த வாரம் போட்டீர்களா? ஆடு மெலிந்திருந்ததா, குட்டி போட்டு எத்தனை நாள் ஆகிறது? ஸ்பாஞ்ச் நடுவில் விழுந்துவிட்டதா? அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறியாடு ஆராய்ச்சி நிறுவனத்தின் அவிகேசில் ஸ்பாஞ்சோ வேறு எதுவோ, புரோஜெஸ்டிரோன் கட்டம் ஒழுங்காக நடக்காமல் பிஎம்எஸ்ஜி மட்டும் ஒன்றும் செய்யாது.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று: ஆட்டின் உடம்பே மருந்தை எதிர்ப்பது. பிஎம்எஸ்ஜி குதிரையின் புரதம். வருடா வருடம் ஒரே ஆட்டுக்குப் போட்டால் சில ஆடுகள் அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கிக்கொள்ளும். பிரான்சின் பால் ஆட்டுப் பண்ணைகளில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆன்டிபாடி உயர்ந்த ஆடுகளுக்குப் பருவம் தாமதமாகிறது. குறித்த நேரத்தில் போடும் சினை ஊசி வீணாகிறது. புதிதாக மருந்து பார்க்கும் இளம் ஆடுகளுக்குப் பலித்து, பல தடவை போட்ட கிழட்டு ஆடுகளுக்குப் பலிக்கவில்லை என்றால் குப்பியைச் சந்தேகிக்காதீர்கள். எல்லா வயதிலும், வேறு வேறு கொட்டகையிலும், ஒரே பேட்ச் மருந்து மட்டும் பலிக்கவில்லை என்றால் சந்தேகத்துக்கு இடம் உண்டு.

அப்போது திறக்காத குப்பிதான் உதவும். திறந்து கரைத்த மிச்சத்தை எந்த ஆய்வகமும் வாங்காது. வாங்கினாலும் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. அதே பேட்ச் எண் உள்ள, சீல் உடையாத சில குப்பிகளைக் குளிர்ச்சி விடாமல் வைத்திருங்கள். வாங்கிய பில் வேண்டும். பில்லில் பேட்ச் எண் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் 26-வது பிரிவு, தான் வாங்கிய மருந்தைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமையை எவருக்கும் தருகிறது. கால்நடை மருந்துக்கும் அது பொருந்தும். விண்ணப்பத்தில் ‘வீரியச் சோதனை வேண்டும்’ என்று தெளிவாக எழுதுங்கள். எந்த முறையில் சோதிப்பார்கள் என்றும் கேளுங்கள். எலிசா மட்டும்தான் என்று பதில் வந்தால், அந்த அறிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.